ஆறு மணிக்கு வயிறு நிறைந்திருக்கட்டும்

குடியை விட நினைப்பவர்களும், விட்டவர்களும், அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள். இந்த இதழில் எல்லாமே பெங்களூரு வாசகர்களுடையவை.

கே: கணவருக்குப் பீன்யாவில் வேலை. தினமும் இரண்டு குவார்ட்டர். போன மாதம் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினார். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மூன்றாம் நாள் மறுபடி குடித்துவிட்டார். அடுத்த முறை பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் தாங்கிவிடுவாரா?
- வாசகி, அல்சூர்

ப: மூன்றாம் நாள் அவரைக் கடைக்கு இழுத்தது நடுக்கம். அதை மனவுறுதிக் குறை என்று சொல்லிக் காட்டாதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென நிறுத்தினால், கடைசி மடக்கு இறங்கி ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்குச் சுவரில் இல்லாத பூச்சி ஊரும், பகல் எது இரவு எது என்று குழம்பும். இது உயிரையே எடுக்கக்கூடிய கட்டம். அதனால் நிறுத்தும் தேதியை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, அந்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குடியை விடுவது பற்றிப் போனில் கேட்க 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.

குளுக்கோஸ் விஷயத்தில் கவனம். வருடக்கணக்காகக் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறிக் குழம்புவது இதன் அடையாளங்கள். ‘தினமும் குடிப்பவர்’ என்பதை ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பி1 சேர்த்துப் போடுவார். வெட்கப்பட்டு மறைப்பதில்தான் ஆபத்து.

கே: ஆட்டோ ஓட்டுகிறேன். விட்டு 45 நாள் ஆகிறது. பகலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நாக்கு தேடுகிறது. இனிப்பாகத் தின்னத் தோன்றுகிறது. ராத்திரி தூக்கமில்லை, தூங்கினால் குடிப்பது போலவே கனவு.
- வாசகர், ஸ்ரீராமபுரம்

ப: முதலில் ஒரு கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம். கிராமுக்கு 7 கலோரி என்றால் 400-க்கு மேல். தினமும் கிடைத்த அந்தச் சக்தி நின்றதும் உடம்பு சர்க்கரையைக் கேட்கிறது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால், முதல் இரண்டு மாதம் ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு கடலைமிட்டாய் சாப்பிடலாம், தப்பில்லை.

ஆறு மணிக்குப் பாதி வேலை வயிற்றுடையது. பசி, அலுப்பு, கோபம், தனிமை, இந்த நாலில் இரண்டு சேர்ந்தாலே போதும், நாக்கு தேடும். ஆட்டோக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு ரைஸ் பாத்தோடு நிறுத்தி, அப்புறம் டீயிலேயே ஓட்டுவார்கள். ஐந்தரைக்கு வண்டியை ஓரம் கட்டி இரண்டு முட்டை, இல்லை ஒரு கிண்ணம் சுண்டல், மேலே நந்தினி பால் பூத்தில் மோர் ஒரு பாக்கெட். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். வீட்டில் புழுங்கலரிசியும் பருப்பும் தினமும் இருக்கட்டும், பி1 அவற்றில் உண்டு.

வேர்க்கடலையும் நல்லதுதான். ஆனால் அவித்த கடலையில் வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சையும் போட்டு மூக்கருகே கொண்டுபோனால் உங்கள் மூளைக்கு என்ன ஞாபகம் வரும்? மிளகுத்தூள் தூவிய ஆம்லெட், மிக்சர் எல்லாம் அந்த வகைதான். கடலையைக் காலை இட்லிக்குச் சட்னியாக அரைத்துக்கொள்ளுங்கள். சைடு டிஷ் வாசனை ஆறு மாதத்துக்கு வேண்டாம். அதே போல, கடை இருக்கும் ரோட்டில் ஸ்டாண்டு இருந்தால் ஸ்டாண்டை மாற்றுங்கள். இரண்டு சவாரி குறைந்தாலும் பரவாயில்லை.

நினைப்பு வந்துவிட்டால் அது பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரம் ஏறி இறங்கிவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மணியைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், யாருக்காவது போன் போடுங்கள், 20 நிமிடம் நடங்கள்.

தூக்கம் சீராகச் சில மாதம்கூட ஆகலாம். குடி அடக்கி வைத்திருந்த கனவு கட்டம் இப்போது திரும்பி வருகிறது. கனவில் குடித்தால் விரதம் கெடாது. மதியம் இரண்டுக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுத்தது எத்தனை மணியானாலும் எழுவது ஒரே நேரம். மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள், குடியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

கே: ஹாட் (பிராந்தி, விஸ்கி) விட்டுவிட்டேன். பீர் மட்டும்?
- வாசகர், பையப்பனஹள்ளி

ப: 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் 52 மில்லி ஆல்கஹால். ஒரு குவார்ட்டரில் 77. மூன்றில் இரண்டு பங்கு குவார்ட்டரைத்தான் குடிக்கிறீர்கள்.

கே: குடித்தால் வாந்தி வரும் மாத்திரையை மகனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாமா?
- வாசகி, ஆஸ்டின் டவுன்

ப: கூடவே கூடாது. நீங்கள் சொல்லும் மாத்திரை டைசல்ஃபிராம். அது வயிற்றில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, படபடப்பு எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். சாவும் நடந்திருக்கிறது. அவரே சம்மதித்து, டாக்டர் ஈரலையும் இதயத்தையும் பார்த்த பிறகு, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழித்துத் தொடங்க வேண்டியது அது. நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். அந்த நாட்களில் அரிஷ்டமும் சில இருமல் டானிக்குகளும் வாய் கொப்பளிக்கும் மருந்தும்கூட ஆகாது, அவற்றில் ஆல்கஹால் உண்டு. ஆசையைக் குறைக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் மகனையே கேட்கச் சொல்லுங்கள்.

கே: விட்டு மூன்று மாதம். ஆடியில் திருவண்ணாமலைப் பக்கம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. மாமன் மச்சான்கள் விடமாட்டார்கள். போகாமல் இருக்கவும் முடியாது.
- வாசகர், மாகடி ரோடு

ப: போங்கள், ஆனால் முதல் நாள் ராத்திரி தங்க வேண்டாம். குடி ஓடுவது அப்போதுதான். விடியற்காலை பஸ் பிடித்துப் பூஜைக்குப் போய்ச் சேருங்கள். விஷயம் தெரிந்த ஒரு மச்சானுக்கு முன்கூட்டியே போன் செய்து, அன்று பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள். கையில் எப்போதும் சோடாவோ மோரோ ஒரு டம்ளர் இருக்கட்டும், வெறும் கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள். ‘ஒரு பெக்தானே மாப்ளே’ என்றால் ‘ஈரலுக்கு மாத்திரை ஓடுது மாமா, டாக்டர் உயிருக்கு உத்தரவாதம் இல்லேன்னுட்டார்’ என்று ஒரே வரி. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் வாதம் வளரும், வாதத்தில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுங்கள். திரும்பும் டிக்கெட் முன்பே கையில் இருந்தால் எழுந்திருப்பது சுலபம்.