கட்டி கரைந்தபின் பாதியில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம். கழுத்தில் வலியில்லாத கட்டி வந்தது. டான்சிலில் கேன்சர், எச்.பி.வி. வைரஸால் வந்தது என்கிறார்கள். முதலில் 3 கீமோ, பிறகு ஆபரேஷனாம். "உடனே அறுத்து எடுக்காமல் நாளைக் கடத்துகிறார்கள்" என்கிறார் என் அண்ணன். இந்த நோய் எனக்கும் ஒட்டுமா?

பதில்: கேன்சர் ஒட்டாது, அம்மா. எச்.பி.வி. உடலுறவில் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். பெரும்பாலானோர் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும். பல வருடங்களுக்கு முன் தொற்றியது இப்போது கேன்சராகத் தெரியலாம். அதனால் அவர்மேல் சந்தேகம் வேண்டாம். இதே வைரஸ் கருப்பை வாயிலும் கேன்சர் உண்டாக்கலாம் என்பதால், நீங்கள் கருப்பை வாய் பரிசோதனை மட்டும் அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.

கீமோ கொடுப்பது நாள் கடத்துவது அல்ல. கட்டி சுருங்கினால் அறுக்கும் இடம் குறையும். பேச்சும் விழுங்குவதும் கெடாமல் தப்பலாம். வைரஸால் வரும் தொண்டைக் கேன்சர் கீமோவுக்கு நன்றாகவே கரையும். ஆனால் இதில் வழக்கமான வழி ஆபரேஷன், அல்லது சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது. கீமோவை முதலில் கொடுத்துப் பிறகு அறுப்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. எனவே டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: கேன்சர் வைரஸால் வந்ததா என்று காட்டும் பி16 பரிசோதனை செய்தாயிற்றா? அறுவை, கதிர்வீச்சு, கீமோ டாக்டர்கள் மூவரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்களா? அவர் பீடி, புகையிலை பழக்கம் உள்ளவரென்றால் மறைக்காதீர்கள். வைரஸ் கேன்சர் நன்றாகக் குணமாகும் என்ற கணக்கே அதனால் மாறிவிடும்.

என் பெரிய பயம் வேறு. இரண்டாவது கீமோவிலேயே கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். "சரியாகிவிட்டது, தக்காளி பறிக்கிற நேரம்" என்று வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத செல்கள் உள்ளேயே இருக்கும். மறுபடி வந்தால் கீமோ முதல்முறை போலக் கேட்காது. ஆபரேஷன் தேதியை முதல் கீமோவிலேயே பேசி வாங்கிவிடுங்கள்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். தண்ணீர் எவ்வளவு குடிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இரவானாலும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், கீமோ அட்டையோடு. பின்னால் கரண்ட் வைக்கவும் நேரலாம். ஆகவே சொத்தைப் பற்களை இப்போதே காட்டிவிடுங்கள்.