முதலாளி வராத நாளிலும் கடை ஓட என்ன செய்ய வேண்டும்?

கொழும்பு புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்யும் நீங்கள், ஒரு நாள் வராவிட்டாலும் எல்லாம் நின்றுவிடுவதாகச் சொல்லி, அதற்கு வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில், ஊழியர்கள் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், விலையை எதுவரை குறைக்கலாம், பின்திகதியிட்ட (பின்னொரு நாளில்தான் பணமாக்கக்கூடிய) காசோலையை யாரிடம் வாங்கலாம் என்பவையே பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும். வாடிக்கையாளர்வாரியாகக் கடன் எல்லையையும் காசோலைக்கான உச்ச நாட்களையும் எழுதிக் கொடுத்தால், கணக்குப்பிள்ளையே முடிவெடுப்பார். பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. இதில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு சம்பளத்தில் ஊழியரின் பங்கான 8 வீதத்தையும் உங்கள் பங்கான 12 வீதத்தையும் அடுத்த மாத இறுதிக்குள் கட்டுவதை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பிறகு ஒரு புதன்கிழமை, தொலைபேசியை அணைத்துவிட்டு வீட்டில் இருங்கள். அன்று தடைப்பட்ட வேலைக்கு மறுநாளே விதி எழுதுங்கள்.