குருமனைக் கொலையும் பீடித்தட்டும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு நாவலைப் படித்துவிட்டு எழுதச் சொல்லியிருந்தேன். அகதா கிறிஸ்டி 1930-இல் எழுதிய ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’. செயின்ட் மேரி மீட் என்ற இங்கிலாந்துக் கிராமம். அந்த ஊர் குருவானவரின் படிப்பறையில் கர்னல் ப்ரோதெரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். துப்புத் துலக்குவது பக்கத்து வீட்டுக் கிழவி மிஸ் மார்ப்பிள். ‘விக்கரேஜ்’ என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: குருமனை, அதாவது சர்ச் குருவானவர் குடியிருக்கும் வீடு. (நம் பக்கத்தில் குருவானவரை ‘ஐயர்’ என்போம், சர்ச்சைக் ‘கோயில்’ என்போம்.) கொலையாளி யார் என்பதை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை.

பிணம் விழுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. எந்நேரமும் டீ, எந்நேரமும் புறணி. இதெல்லாம் எதற்கு?
வாசகி, அம்பாசமுத்திரம்

புறணியை எடுத்துவிட்டால் இந்த நாவலில் மிச்சம் இருப்பது ஒரு துப்பாக்கியும் ஒரு மேஜையும்தான். நீங்கள் கொட்டாவி விட்ட பக்கங்களில்தான் அத்தனையும் இருக்கிறது. யார் எந்தப் பாதையில் போனார்கள், கையில் என்ன இருந்தது, என்ன இல்லை, எல்லாம்.

மிஸ் மார்ப்பிள் வீடு குருமனைக்குப் போகிற சந்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் எந்நேரமும் தோட்டத்தில் நிற்பார், களை பிடுங்குவார், பைனாகுலரில் பறவை பார்ப்பார். பறவை மட்டுமா பார்க்கிறார் என்று கதை சொல்லும் குருவானவருக்கே சந்தேகம். இதைப் படித்ததும் எனக்கு ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊரில் எதிர்வீட்டில் இருந்த ஆச்சிதான் ஞாபகம் வந்தாள். மடியில் பீடித்தட்டு. நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அடுத்த இலை. கை தன்பாட்டுக்கு ஓடும். ஒரு தரம்கூடக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. கண் முழுக்கத் தெருவில்தான். “என்ன, ஐயரு இன்னைக்குக் குடை இல்லாமப் போறாவ?” என்பாள். யாரிடமும் கேட்பதில்லை, சும்மா சொல்லி வைப்பாள். சாயங்காலம் பீடிக்கடைக்குப் போகும்போது ஆயிரம் பீடியும் ஊர்ச்சேதியும் ஒன்றாகத் தயாராக இருக்கும்.

மதியச் சாப்பாட்டு மேஜையில், ‘இந்தக் கர்னலை யாராவது கொன்றால் உலகத்துக்கே நல்லது’ என்று குருவானவர் சொல்கிறாரே. ஓர் ஐயர் வாயில் வரலாமா?
வாசகர், நாசரேத்

வரலாமா என்று கேட்டால் வரக்கூடாது. ஆனால் வருகிறது. கர்னல் வெறும் பணக்காரர் இல்லை, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். ஓர் அம்மாள், “காணிக்கைப் பையில் நான் ஒரு பவுண்டு நோட்டுப் போட்டேன், கணக்கில் வரவில்லை” என்று புகார் சொல்லியிருக்கிறாள். கர்னல் கோயில் கணக்கையே புரட்டிப் பார்க்க வருகிறேன் என்று நிற்கிறார். வெந்தும் வேகாத மாட்டிறைச்சியை அறுத்து முடித்து உட்கார்ந்ததும் ஐயர் அந்த வார்த்தையை விடுகிறார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டியின் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த எந்த ஐயரையும் கேட்டுப் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

காணிக்கை என்றதும் நான் கொஞ்சம் ஒதுங்கிப் போய்ச் சொந்தக் கதை சொல்லிக்கொள்கிறேன். என் அப்பா கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பாய் விரிப்பது, ஆராதனை முடிந்ததும் ஐயர் பக்கத்தில் உட்கார்ந்து பைக்காசை எண்ணுவது. ஒரு ஞாயிறு இதே மாதிரிப் புகார்: ஐந்து ரூபாய் நோட்டு போட்டேன், காணோம். யாரும் அப்பாவைப் பேர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் அப்பா எண்ண உட்கார்ந்தபோது வழக்கத்துக்கு மேலே இரண்டு பேர் வந்து நின்றார்கள். அந்த ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

தீர்த்துவைத்தது ஆச்சி. தட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “நோட்ட அவ போடல. பேரன் கையில குடுத்துப் போடச் சொன்னா. அந்தப் பய அன்னைக்குச் சேக்காளி நாலு பேத்துக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் குடுத்தான். அவன் வீட்ல அவனுக்கு ஆரு அம்புட்டுத் துட்டு குடுப்பா?” அவ்வளவுதான். பையன் அழுதுகொண்டே மீதிச் சில்லறையை எடுத்து வந்தான். மிஸ் மார்ப்பிள் வேலை செய்வதும் இதே மாதிரிதான். பெரிய குற்றத்தைப் பார்த்ததும் ஊரில் நடந்த ஏதோ ஒரு சின்னத் திருட்டு அவருக்கு ஞாபகம் வரும்.

ஏகப்பட்ட ஆட்கள். பாதியில் யார் யாரென்றே குழம்பிவிட்டது. குறை என்னுடையதா, புத்தகத்துடையதா?
வாசகர், வள்ளியூர்

புத்தகத்துடையதுதான். கிறிஸ்டியே தன் சுயசரிதையில் இதை ஒத்துக்கொள்கிறார்: ஆட்களும் கிளைக்கதைகளும் அதிகம், ஆனாலும் மையக் கதை உறுதியானது என்று. நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். ஓவியர், கர்னலின் மனைவி, மகள், உதவி குரு, புதைபொருள் ஆராய்ச்சி செய்கிறேன் என்று வந்து தங்கியிருப்பவர்... நடுவில் மிஸ் மார்ப்பிள், குறைந்தது ஏழு பேரைச் சந்தேகிக்கலாம் என்று வேறு சொல்லிவிடுகிறார்.

நான் ஓய்வுபெற்ற ஏட்டு. கிழவி கண்டுபிடிக்கட்டும், சரி. போலீஸ்காரனை ஏன் இப்படி மட்டம் தட்ட வேண்டும்?
வாசகர், சங்கரன்கோவில்

கோபம் நியாயம். அந்த இன்ஸ்பெக்டர் பெயர் ஸ்லாக். ஆங்கிலத்தில் மந்தமானவன், தளர்ந்தவன் என்று அர்த்தம் வரும். மனிதரோ ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார். பெயரைப் பொய்யாக்கவே பிறந்தவர் மாதிரி ஓடுகிறார், அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்க மட்டும் நேரமில்லை. உங்கள் ஸ்டேஷனில் அப்படி ஒருவர்கூட இருந்ததில்லை என்றால் வாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குருமனைக் கடிகாரம் கால் மணி நேரம் வேகமாகவே ஓடுமாம். இதை நம்பச் சொல்கிறார்களா?
வாசகி, பாளையங்கோட்டை

நீங்கள் கோயில்பிள்ளை வீட்டில் பிறக்கவில்லை என்று தெரிகிறது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். முதல் மணி தப்பிவிடக்கூடாது என்று அப்பா திருகி வைத்தது. வீட்டிலுள்ள எல்லோரும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். வந்த விருந்தாளிதான் பஸ் போய்விட்டதென்று பதறி ஓடுவார். நாவலிலும் அந்தக் கால் மணி நேரம் வீட்டாருக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. இதற்குமேல் நான் பேசினால் முடிவு வெளியே வந்துவிடும்.

இதே ஆசிரியரின் கிராமத்துக் கதை இன்னொன்று சொல்லுங்கள்.
வாசகி, களக்காடு

‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’, 1950. இன்ன வீட்டில் இன்று மாலை 6.30-க்குக் கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அழைப்பு வந்த மாதிரி ஊரே கிளம்பிப் போகிறது. எனக்கு இதுதான் ஒரு படி மேல். யுத்தம் முடிந்த காலம். முன்பெல்லாம் ஊருக்கு ஒருவர் குடிவந்தால் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும், இப்போது ரேஷன் புத்தகத்தில் உள்ள பெயரை அப்படியே நம்ப வேண்டியிருக்கிறது என்ற கவலை கதை முழுக்க ஓடுகிறது. நான் இப்போது திருநெல்வேலி பெருமாள்புரத்தில் இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவர் பெயர் எனக்குத் தெரிந்தது, கேஸ் சிலிண்டர் வீடு மாறி வந்த அன்றைக்குத்தான்.