உயிரணு மூப்படைவதில் லிப்பிட்டுகளின் பங்கு: கேள்வி பதில்

கேள்வி: லிப்பிட் என்பது உடலில் சேரும் கொழுப்புதானே? செல் முதுமையடைவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: சேமிப்புக் கொழுப்பு லிப்பிட்டுகளில் ஒரு வகை மட்டுமே. ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்திருக்கும் சவ்வு, இரண்டு அடுக்கு பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளால் ஆன, ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகும். செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா, கழிவைச் சிதைக்கும் லைசோசோம் போன்றவற்றின் எல்லையும் அத்தகைய சவ்வுதான். ஆகவே எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைவிட, எந்த லிப்பிட் எந்தச் சவ்வில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: அந்த லிப்பிட்டுகள் சேதமடைவது எப்படி?

பதில்: சவ்வு லிப்பிட்டுகளின் வால்களாக அமைந்த நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உள்ளவை) இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பன், தன் ஹைட்ரஜனைத் தளர்வாகவே பிடித்து வைத்திருக்கிறது. ஒரு ஃப்ரீ ராடிக்கல் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறு) அந்த ஹைட்ரஜனைப் பறித்துவிட்டால், அவ்விடத்தில் ஆக்சிஜன் சேர்ந்து, அந்த மூலக்கூறே பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கத் தொடங்கும். இந்தத் தொடர்வினையை வைட்டமின் இ இடையில் அறுக்கிறது. செலினியம் கொண்ட ஜி.பி.எக்ஸ்.4 என்னும் நொதி, உருவாகிவிட்ட பெராக்சைடுகளைத் தீங்கற்றவையாக மாற்றுகிறது. இவையும் தவறினால் 4-ஹைட்ராக்சிநானினல் போன்ற ஆல்டிஹைடுகள் பிறந்து புரதங்களோடும் டி.என்.ஏ.வோடும் ஒட்டிக்கொள்ளும். இரும்பின் துணையோடு இச்சேதம் எல்லை மீறும்போது செல் இறக்கும் முறைக்கு 2012-இல் ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

சவ்வு நெகிழ்வாக இருக்க உதவும் இரட்டைப் பிணைப்புகளே அதன் பலவீனமாகவும் அமைகின்றன என்பதை, இத்துறையில் நுழையும் மாணவர்கள் மற்றெதற்கும் முன்பாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: கார்டியோலிபின் என்ற பெயரை அடிக்கடி படிக்கிறேன். அது ஏன் முக்கியம்?

பதில்: 1942-இல் மாட்டிதயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த லிப்பிட், நான்கு கொழுப்பு அமிலச் சங்கிலிகளைக் கொண்டது; மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மிகுந்திருக்கிறது. ஆற்றல் உற்பத்திக்கான புரதங்களை அது ஒன்றோடொன்று இணைத்து நிறுத்துவதோடு, சைட்டோகுரோம் சி என்ற புரதத்தையும் சவ்வில் கட்டி வைக்கிறது. கார்டியோலிபின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இந்தப் பிடி தளர்ந்து, சைட்டோகுரோம் சி வெளியேறி, செல்லின் தற்கொலைக்கான சமிக்ஞையாகவே மாறிவிடுகிறது. ஃப்ரீ ராடிக்கல்கள் பிறக்கும் இடத்திற்கு மிக அருகிலேயே இந்த லிப்பிட் இருப்பதால், எனக்கு ஒரே ஒரு மூலக்கூறைத் தேர்ந்து ஆராய வாய்ப்புக் கிடைத்தால் இதையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: நீண்ட நாள் வாழும் விலங்குகளின் சவ்வு வேறுபட்டதா?

பதில்: ஆம். எலிக்கு நிகரான உருவமும், 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆயுளும் கொண்ட ரோமமற்ற அகழெலியின் திசுக்களில், ஆறு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலம் சாதாரண எலியைவிட மிகக் குறைவு. இரண்டே இரட்டைப் பிணைப்புகளுள்ள லினோலெயிக் அமிலத்தைவிட டி.எச்.ஏ. சுமார் 8 மடங்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆயினும் இந்தத் தொடர்பையே நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் வைட்டமின் இ மாத்திரை முதுமையைத் தடுக்குமா?

பதில்: தடுக்கும் என்று நம்ப இடமில்லை. 35,000-க்கும் அதிகமான ஆண்கள் பங்கேற்ற செலக்ட் என்னும் பெரிய ஆய்வில், நாளொன்றுக்கு 400 அலகு வைட்டமின் இ எடுத்துக்கொண்டவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது என்பது 2011-இல் வெளியானது. சோதனைக் குழாயில் தொடர்வினையை அறுக்கும் பொருள், உடலுக்குள் அதே பலனைத் தரும் என்று எண்ணுவது ஆபத்தானது. மருத்துவரின் அறிவுரையின்றி அதிக அளவில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பிரிவதை நிறுத்திவிட்ட செல்களில் லிப்பிட்டுகள் மாறுகின்றனவா?

பதில்: மாறுகின்றன. மனித செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று அமெரிக்க உயிரியலாளர் லியனார்ட் ஹேஃபிளிக் 1961-இல் காட்டினார். அவ்வாறு நின்றவற்றில் செராமைடு என்னும் லிப்பிட் கூடுகிறது. இளம் செல்களுக்கு வெளியிலிருந்து செராமைடு கொடுத்தால் அவையும் மூப்பின் அடையாளங்களைக் காட்டத் தொடங்குகின்றன.

கேள்வி: வயதானவர்களின் தோலில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் லிப்போஃபஸ்சினா?

பதில்: அல்ல, அவற்றின் நிறத்துக்குக் காரணம் மெலனின். லிப்போஃபஸ்சின் என்பது ஆக்சிஜனேற்றமடைந்த லிப்பிட்டும் புரதமும் பின்னிப் பிணைந்து, லைசோசோம்களால் சிதைக்க முடியாமல் தங்கிவிடும் நிறமி. நரம்புச் செல்களிலும் இதயத் தசைச் செல்களிலும்தான் அது அதிகம் சேர்கிறது, ஏனெனில் பிரியாத செல்லுக்குத் தன் கழிவைப் பகிர்ந்தளிக்க மகள் செல்கள் இல்லை.