கூத்துப் படத்தில் விருத்தம் உதட்டோடு ஒட்டவில்லையா?

ஆற்காட்டுப் பக்கம் எடுத்த கர்ண மோட்சம் தெருக்கூத்தை 40 நிமிடப் படமாக்குறீங்க; ஸ்டுடியோவில் பாடி ஒட்டினதில் விருத்தம் மட்டும் உதட்டோடு சேரலைன்னு கேட்டிருக்கீங்க. சேராதுங்க. விருத்தம் இழுத்துப் பாடுற செய்யுள், அதுக்குத் தாளக்கட்டு இல்லை. நடிகர் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் இழுப்பார், ஆர்மோனியக்காரர் அவர் வாயைப் பார்த்தே பின்தொடர்வார். தாளத்தில் வரும் பாட்டுகளுக்கு ஸ்டுடியோ குரலே இருக்கட்டும். விருத்தங்களை மட்டும் அதே வேஷத்தில் கூத்தாடுற களரியிலேயே மறுபடி எடுங்க.

காலர் மைக்கை மார்பில் குத்தாதீங்க, வேஷத்தில் மார்பில் கட்டுற மார்புக்கட்டை அணி அதில் உரசும். கிரீடத்தின் நெற்றி விளிம்புக்கு உள்ளே டேப் போட்டு ஒட்டுங்க. முகவீணைக்கு (ஊதுற சின்ன நாயனம்) தனி மைக், தனி டிராக். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. அந்தச் சத்தம் கீச்சிட்டு உடைந்தால் அப்புறம் எந்தச் சாப்ட்வேரும் காப்பாத்தாது. எல்ஈடி விளக்கு மினுங்கினால் கேமராவை விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50-ல் வையுங்க.

நீளம் குறைக்கப் பாட்டில் கை வைக்காதீங்க. விருத்தம், பாட்டு, வசனம் மூணும் பெரும்பாலும் ஒரே சேதியைத்தான் சொல்லும். வசனத்தை வெட்டினாலே பாதி இளைக்கும். கோமாளியா வர்ற கட்டியங்காரன் கேலியை மட்டும் விட்டுவையுங்க. நடிகர் கிறிக்கி (வேகமாச் சுழலுற ஆட்டம்) சுத்தும்போது குளோசப் போகவே போகாதீங்க, கால் தெரியணும்.