பிரெக்சிட் வாக்கெடுப்பில் குடியேறியவர்களே ஏன் குடியேற்றத்துக்கு எதிராக வாக்களித்தார்கள்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 23 அன்று, கொட்டுகிற மழையில், கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வாக்குச்சாவடிக்குப் போய், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 'வெளியேற வேண்டும்' என்ற கட்டத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் அந்த நாட்டுக்கு வந்து பதினாறு மாதம். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். இந்தியப் பாஸ்போர்ட், கம்பெனி தன் வெளிநாட்டு ஆபீஸுக்கு மாற்றும்போது கிடைக்கும் ஐசிடி விசா.

விசாவில் இருப்பவனுக்கு ஏது ஓட்டு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வந்த புதிதில் கிரெடிட் ஸ்கோர் இல்லை என்று மொபைல் கான்ட்ராக்ட் கொடுக்க மறுத்தார்கள். ஆபீஸில் ஒரு சீனியர், "எலக்டோரல் ரோல்ல பேரைப் போடுடா, ஸ்கோர் தானா ஏறும்" என்றார். முறையான விசாவோடு அங்கே வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்கள் வாக்காளர் பட்டியலில் சேரலாம். பேரரசு விட்டுப்போன பழைய சலுகை. ஸ்கோருக்காகப் போட்ட பெயருக்கு ஒரு வருஷம் கழித்து வாக்காளர் அட்டை தபாலில் வந்து விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். அந்த ஒன்றியத்திலிருந்து வந்து அங்கேயே வருஷக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு, அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களைத் தவிர, அந்த உரிமை கிடையாது.

அப்படி உரிமை இல்லாத ஒருவர் எங்கள் கீழ்வீட்டிலேயே இருந்தார். லித்துவேனியாக்கார அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர். 2005-இல் வந்து முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்த்துவந்தார். மேலே நாங்கள் நான்கு பையன்கள். கோடையில் பீட்ரூட்டையும் மோர்போல ஒன்றையும் கலந்து, வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டு, ரோஸ் நிறத்தில் ஒரு குளிர்ந்த சூப் செய்து கொண்டுவந்து கொடுப்பார். பார்த்தால் கல்யாண வீட்டுப் பீட்ரூட் பச்சடியில் தண்ணீர் விட்டதுபோல இருக்கும். நாங்கள் பதிலுக்கு லெமன் சாதம் கொடுப்போம். அவர் அதை ஸ்பூனால், ஏதோ மருந்து சாப்பிடுவதுபோல, மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

அவருக்கு எதிராக நான் ஏன் ஓட்டுப் போட்டேன்? வேலை போகிறது, மருத்துவமனையில் வரிசை நீள்கிறது என்ற வாதங்கள் எதுவும் என்னைத் தொடவில்லை. காரணம் என் அம்மா. 2015 நவம்பரில் அம்மாவுக்கு விசிட் விசா போட்டேன். ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று நம்ப முடியவில்லை என எழுதி மறுத்துவிட்டார்கள். இரண்டு கறவை மாட்டை விட்டுவிட்டு அக்கா வீட்டிலேயே இரண்டாவது ராத்திரி தங்காத மனுஷி அவர். அதே மாதம் கீழ்வீட்டு அம்மாவின் தாயார், எண்பதை நெருங்கியவர், லித்துவேனியாவின் கவுனாஸிலிருந்து மலிவு விமானத்தில் டிக்கெட் எடுத்து ஒரு பையோடு வந்து இறங்கினார். ஒன்றியத்து நாட்டவர் என்பதால் விசா இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை, கேள்வி இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார்.

பொறாமைதான். அதற்கு 'நியாயம்' என்று பெயர் வைத்துக்கொள்ள உதவி செய்தார்கள். வெளியேறும் தரப்பினர் எங்களைப் போன்றவர்களிடம் வேறு பாஷை பேசினார்கள். ஐரோப்பாவுக்குக் கதவைச் சாத்தினால் காமன்வெல்த்துக்குத் திறக்கலாம், இப்போதைய முறை உங்களுக்கு எதிரான பாரபட்சம் என்றார்கள். அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி படேல், கறி ஹவுஸ் எனப்படும் நம் பக்கத்து உணவகங்களைக் காப்பாற்றுவோம் என்று ஒரு பிரசாரமே நடத்தினார். இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சமையல்காரர்களைக் கொண்டுவர முடியாமல் இருப்பதற்கு ஐரோப்பாவே காரணம் என்பது அதன் சாரம். ஆபீஸ் கேன்டீனில் நாங்கள் ஐந்தாறு பேர் இதை அப்படியே நம்பினோம். நம்புவது சுகமாக இருந்தது.

ஈஸ்ட் ஹாமில் நான் மளிகை வாங்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவும் அதே பக்கம்தான். நான்கூட ஒருமுறை கேட்டேன்: "அண்ணா, நீங்களும் வந்தேறினவங்கதானே?" அவர் கோபப்படவில்லை. முருங்கைக்காயை எடைபோட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் லொறிக்குள்ளை ஒளிச்சு வந்தனான். அதை நான் மறைக்கேல்லை. ஆனா அகதிக் கேஸ் போட்டு, ஒன்பது வருசம் போய்ப் போய்ச் சைன் வச்சனான். உந்த ஐரோப்பாக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளேனிலை வந்து, இறங்கின அடுத்த கிழமையே வேலைக்குப் போகினம்."

அந்த 'ஒன்பது வருசம்' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் படித்தேன். 1985-இல் பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசா கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலில் அப்படிக் கதவு சாத்தப்பட்டது இலங்கைக்குத்தான், அதுவும் தமிழர்கள் உயிருக்குப் பயந்து ஓடிவந்துகொண்டிருந்த நேரத்தில். 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அப்படிப்பட்ட வாசலில் நின்று உள்ளே வந்த சமூகம், வாசலே இல்லாமல் நடந்து வந்தவர்களைப் பார்த்தால் வயிறு எரியாதா? எரியும். சரி என்று சொல்லவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும்: வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1. லிங்கன்ஷயரில் காய்கறிப் பண்ணைகள் சூழ்ந்த பாஸ்டன் நகரில் 75.6 சதவீதம் வெளியேறச் சொன்னார்கள். 2004-இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர்தான் வருவார்கள் என்று அரசுக்குக் கணித்துக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களோ பல மடங்கு. ஒரு சிறிய ஊர் பத்து வருஷத்தில் அடையாளம் தெரியாமல் மாறினால் அங்கே இருப்பவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அவர்களை மொத்தமாக இனவெறியர்கள் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். ஈஸ்ட் ஹாம் அடங்கிய, நாங்கள் இருந்த நியூஹாம் பகுதியும் கணக்கில் வரட்டும்: நாட்டிலேயே வெள்ளையர் மிகக் குறைவான பகுதிகளில் ஒன்று. அங்கேயும் நூற்றில் 47 பேர் வெளியேறவே சொன்னார்கள்.

அடுத்த நாள் ஆபீஸில் இழவு வீட்டு அமைதி. லண்டன் ஆபீஸ், பெரும்பாலும் நீடிக்கச் சொன்ன கூட்டம். ஒரு வாரத்தில் சிலர் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தார்கள். 'நான் உன் பக்கம், என்னிடம் நீ பத்திரம்' என்று குடியேறியவர்களுக்குச் சொல்லும் அடையாளமாம். (எங்கள் ஊரில் ஊக்கு பெண்களின் தாலிக்கொடியில் தொங்கும், அவசரத்துக்கு. அதுவும் ஒருவகையில் பத்திரம்தான்.) எங்கள் டீம் லீட், தங்கமான மனிதர், என் தோளைத் தொட்டு, நாங்கள் எல்லாரும் அப்படிப்பட்டவர்கள் இல்லை, மன்னித்துவிடு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சகிப்புத்தன்மை பற்றி அந்த மாதம் கேட்டதுபோல நான் என்றும் கேட்டதில்லை. நம்முடையது சகிப்புத்தன்மையுள்ள நாடு என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சொன்னார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் போலந்துப் பண்பாட்டு மையத்தின் வாசலில் யாரோ வசவு எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். 2016 ஜூலையில் போலீஸ் பதிவுசெய்த இன, மதவெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம் என்று உள்துறை பின்னர் கணக்குச் சொன்னது. அதைப் பற்றியும் சண்டை: குற்றம் கூடியதா, புகார் கொடுப்பது கூடியதா? என் கணக்கில் இரண்டும்தான்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து ஊரான பார்க்கிங்கின் (Barking) ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒருவன் என்னைப் பார்த்து, எப்போது கிளம்புகிறாய், ஓட்டுப் போட்டாயிற்று அல்லவா என்று கத்தினான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: எனக்கு முதலில் வந்தது பயமோ கோபமோ இல்லை. 'ஐயா, ஆள் மாறிப்போச்சு, நான் ஐரோப்பாக்காரன் இல்லை' என்று விளக்கம் சொல்லத்தான் வாய் துடித்தது. விசா ஸ்டாம்பைக் காட்டினால் புரிந்துகொள்வான் என்பதுபோல. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அவனும் நானும் ஒரே கட்டத்தில் குறி போட்டவர்கள்.

முன்பே உறைத்திருக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன், ஜூன் 16 காலையில், வெளியேறும் தரப்புத் தலைவர்களில் ஒருவரான நைஜல் ஃபராஜ் ஒரு விளம்பரப் பலகையை வெளியிட்டார். நீளமான வரிசையில் நடந்துவரும் மக்கள், மேலே 'உடையும் புள்ளி' என்ற பொருளில் பெரிய எழுத்து. அந்தப் படத்தில் இருந்தவர்கள் போலந்துக்காரர்களோ லித்துவேனியர்களோ இல்லை. ஸ்லோவேனிய எல்லையில் நடந்த அகதிகள்; முகத்தில் என் நிறம். அன்று மதியம்தான் ஜோ காக்ஸ் என்ற எம்.பி. யார்க்ஷயரில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். அகதிகளுக்காகப் பேசியவர், இரண்டு சிறு குழந்தைகளின் தாய். செய்தியைப் பார்த்தேன். வருத்தப்பட்டேன். ஏழு நாள் கழித்துப் போய் நினைத்தபடியே ஓட்டுப் போட்டேன். மனசு இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்துக்கொள்ளும்.

கீழ்வீட்டு அம்மா ஜூன் 24 காலையில் இரவு வேலை முடிந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உனக்கு ஓட்டு இருந்தது அல்லவா, போட்டாயா என்று கேட்டார். மழை, வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். பரவாயில்லை, உன் ஒரு ஓட்டால் என்ன மாறியிருக்கும் என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார்.

பிறகு 2019 ஏப்ரலில் ஒரு மாலை மேலே வந்து கதவைத் தட்டினார். ஐரோப்பியர்கள் தொடர்ந்து அங்கே வாழ விண்ணப்பிக்க வேண்டும் என்று அரசு ஒரு ஆப் விட்டிருந்தது. அது அப்போது ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடியது. அவரிடம் இருந்தது ஐபோன். என் போனைக் கொடுத்தேன். அவருடைய பாஸ்போர்ட்டைப் போனின் முதுகில் வைத்து, உள்ளே இருக்கும் சிப்பை அது படிக்கும்வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். முகத்தைப் படம்பிடிக்கும்போது திரையில் பல வண்ணங்கள் மின்னின. பதினான்கு வருஷம் இந்த ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டிவிட்டேன், இப்போது நான் நான்தான் என்று உன் போனிடம் நிரூபிக்கிறேன் என்று சிரித்தார். சில நாளில் அனுமதி வந்துவிட்டது. அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் என் விசா முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா லண்டனைப் பார்க்கவே இல்லை.

நாங்கள் நம்பிய அந்தக் கதவு திறந்ததா? திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2021-இலிருந்து புதிதாக வேலைக்கு வரும் ஐரோப்பியர்களுக்கும் விசா. 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க அனுமதித்தார்கள். இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் போனார்கள்; ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களும் உண்டு. கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம் என்ற கோஷத்துக்கு ஓட்டுப் போட்ட நாட்டில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு) 2023-இல் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. 2015-இல் அது 3,33,000 ஆக இருந்ததற்கே அவ்வளவு கூச்சல். பிறகு விரல் நம் பக்கம் திரும்பியது. 2024 மார்ச்சில் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது.

நடுவில் ஒரு கூத்து. சுவெல்லா பிரேவர்மன் உள்துறை அமைச்சரானபோது, அவருடைய அம்மா மொரீஷியஸ் தமிழ் வம்சாவளி என்று எங்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரே பெருமை. 2022 அக்டோபரில் அவர், விசா முடிந்தும் தங்கிவிடுபவர்களில் அதிகம் பேர் இந்தியர்கள்தான், இந்தியாவோடு திறந்த குடியேற்றம் வைத்துக்கொள்வதற்காக மக்கள் பிரெக்சிட்டுக்கு ஓட்டுப் போடவில்லை என்றார். குழுக்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓட்டுப் போட்ட ஒருவனுக்காவது தெரியும், அதற்காகத்தான் போட்டோம் என்று.

2024 ஆகஸ்டில், சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வதந்தி பரவி, அகதிகள் தங்கிய ஹோட்டல்களுக்குத் தீ வைக்கப் போனார்கள் அல்லவா, அப்போது யாழ்ப்பாணத்து அண்ணாவுக்குப் போன் செய்தேன். தாக்கப்போகும் இடங்கள் என்று ஒரு பட்டியல் ஆகஸ்ட் 7 அன்று போனுக்குப் போன் சுற்றியது. வால்தம்ஸ்டோவும் அதில் இருந்தது, அவர் கடையிலிருந்து சில மைல்தான். "நாலு மணிக்கே ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டன் தம்பி" என்றார். அன்று மாலை அங்கே வந்தவர்கள் கலகக்காரர்கள் இல்லை, அவர்களை எதிர்த்து ஆயிரக்கணக்கில் திரண்ட உள்ளூர் மக்கள். அதைச் சந்தோஷமாகச் சொன்னார். "அப்ப 2016-இல நாம போட்டது தப்புதானே அண்ணா?" என்று கேட்டேன். "அது வேறை, இது வேறை" என்றார். பிறகு, என் அம்மாவின் மாடுகளை விசாரித்தார்.

கீழ்வீட்டு அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்தி அனுப்புவார். நானும் பொங்கலுக்கு அனுப்புவேன். இதைத் தமிழில் எழுதுவதால் அவர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், இந்தத் தளத்தில் பதிலுக்குக் கீழே இருக்கும் மொழிபெயர்ப்புப் பொத்தானைப் பார்க்கிறேன்.