சிப்பிப்பாறையும் முயலும் ஒரே வீட்டில்

நண்பரே, மகளுக்காக வாங்கிய முயலின் கூண்டையே உங்கள் சிப்பிப்பாறை நாய் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறது, போகப் போகப் பழகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். முயல் விரட்டவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் அது. லாப்ரடார் என்றால் கொஞ்சம் பழக்கிப் பார்க்கலாம். சிப்பிப்பாறையை நான் நம்ப மாட்டேன். கூண்டை இன்றே கதவு சாத்தக்கூடிய அறைக்கு மாற்றுங்கள்.

கடிக்கவே வேண்டாம், வெளியே நின்று குரைத்தாலே முயல் மிரண்டு தீனி எடுக்காது. அரை நாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அப்புறம், நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் முயலுக்குப் போட்டுவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. மகள் முயலை வெளியே விட்டு விளையாடும்போது நாய் வாசலில் கட்டியிருக்கட்டும்.